சிஸ்டர் பிரித்த அம்பாசிடர்

எங்கள் தெருவில் யாராவது கையிலோ காலிலோ கட்டுப் போட்டிருந்தால், சிஸ்டர் வருவதைக் கண்டதும் அதைத் துண்டுக்கடியில் மறைத்துக்கொள்வார்கள். கண்ணில் பட்டுவிட்டால் தப்ப முடியாது. "யாரு போட்டது இந்தக் கட்டு?" என்று நிறுத்துவார். எந்த டாக்டரின் பெயரைச் சொன்னாலும் அடுத்து வருவது ஒன்றுதான். "பிரிச்சுப் பாத்துடுவோம்." சொல்லி முடிக்கும்போது பாதிக் கட்டு பிரிந்திருக்கும்.

நான் கல்யாணமாகித் திருவையாற்றுக்கு வந்தபோது அவர் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவு. ஓய்வுபெற மூன்று நான்கு வருஷம் பாக்கி. தெருவில் யாருக்கும் அவருடைய பெயர் தேவைப்பட்டதில்லை. பால்காரரிலிருந்து கோயில் குருக்கள் வரைக்கும் அவர் சிஸ்டர்தான். அவர் கணவர்கூட, நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில், "சிஸ்டர், ஒரு காப்பி கிடைக்குமா?" என்றுதான் கூப்பிடுவார். குள்ளமான உருவம், வேகமான நடை. எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று இருந்தது. எங்கள் பழக்கம் பெரும்பாலும் அந்தச் சுவரின் மேல்தான் நடந்தது.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்ல. மாசா மாசம் எத்தனை நாள் போவுது?" என்றார், அத்தனை பேர் நடுவில். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அரிசியை வாங்காமலே வந்துவிட்டேன். ஆனால் மறுவாரம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அதை இரண்டு வருஷமாக நான் வெறும் அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவர் ஒரு காரைப் பிரித்தார். பிரித்து, அதை மறுபடி காராக்க ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். அந்த ஒன்றரை வருஷமும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் அவர் கணவருடையது. அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன். இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டியவர். சுற்று வட்டாரத்தில் கல்யாணப் பெண்ணை அழைத்துவர, வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வேளாங்கண்ணிக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் அவர் வண்டிதான். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. கொல்லையில் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில் ஏழு வருஷம் அது நின்றது. கோழி உள்ளே போய் முட்டை வைக்கும். அறுவடை சமயத்தில் மழை வந்தால் அக்கம்பக்கத்தில் விதைநெல் மூட்டையைக் கொண்டுவந்து டிக்கியில் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணன் கொட்டகைப் பக்கம் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்தார். அண்ணனே சொல்லி அனுப்பியிருந்தார். சிஸ்டர் டியூட்டி முடிந்து பஸ் இறங்கி வருகிறார், வாசலில் மினி லாரி நிற்கிறது.

"என்னங்க இது?" என்றார்.

"எடுத்துக்கிட்டுப் போவட்டும். இடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது."

சிஸ்டர் கைப்பையைக்கூட வைக்காமல் கொட்டகைக்குப் போனார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மட்கார்டில் ஓர் இடத்தை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"இன்னைக்கு வேணாம்," என்றார் இரும்புக்காரரிடம். "பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"இதுல பாக்க என்னம்மா இருக்கு?"

"பாத்தாத்தானே தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டார். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டவும் தெரியாது. தெரிந்தது வார்டு ஒன்றுதான், அதனால் காரையும் வார்டாகவே நடத்தினார். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் மாத்திரை போடும் சின்ன உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, பிசுக்குப் போகக் கழுவி வெயிலில் காயவைத்தார். நோயாளியின் கட்டிலில் தொங்குவதுபோல ஓர் அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, காரின் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டார். அதில் தேதியும் செய்த வேலையும் இருக்கும், கீழே "நாளை பார்க்க வேண்டியது" என்று இரண்டு வரி. பிரேக் எண்ணெயில் தங்கிய காற்றை வெளியே எடுக்க குளுக்கோஸ் ஏற்றும் குழாய். எண்ணெய் விடப் பெரிய ஊசிக்குழல். பின்னாளில் இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஸ்டெதாஸ்கோப்பை அதன் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. டவுனிலிருந்து இஞ்சின் வேலைக்கு வந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. "குடுங்க சிஸ்டர், நானும் கேக்குறேன்," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பின் சீட்டைத் தூக்கியபோது அடியில் தரையில் மண் படிந்து, டிக்கி மூட்டையிலிருந்து சிந்திய விதைநெல் முளைத்திருந்தது. வெளிச்சம் இல்லாத இடமாதலால் வெளுத்துப்போய், ஒரு சாண் உயரத்துக்கு. சிஸ்டர் அண்ணனைக் கூப்பிட்டார். "வந்து பாருங்க, உங்க வண்டியில நாத்து விட்டிருக்கு."

அண்ணன் வரவில்லை. ஆனால் நாற்காலியில் இருந்தபடியே முதல் தடவையாகத் தலையைத் திருப்பினார். "பேட்டரிய கழட்டினியா? அதக் கழட்டாம ஒயர்ல கை வைக்காத," என்றார். மூன்று மாதத்தில் காரைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

தகர வேலைக்கு டிராக்டர் பட்டறையிலிருந்து ஒரு வெல்டர் வீட்டுக்கே வருவார். வேலையில் சுத்தமான ஆள், ஆனால் பொறுமை கிடையாது. பழைய பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட, அடியில் அடுக்கடுக்காகப் பட்டி அப்பியிருந்தது தெரிந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஓட்டையை அடைத்து, வழவழவென்று தேய்த்து, மேலே வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

"சிஸ்டர், இத அப்படியே விட்டுட்டு மேல இன்னொரு கை பட்டி போட்டா போதும். ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் வெல்டர்.

"அடியில துரு அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்குமே."

"அது தின்னு முடிக்க அஞ்சு வருஷம் ஆவும்."

சிஸ்டர் சுரண்டியை எடுத்துத் தானே சுரண்ட ஆரம்பித்தார். வெல்டர் டீ குடிக்கப் போனார். நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். அன்றைக்குத்தான் சொன்னார், என் பக்கம் பார்க்காமல், கை நிற்காமல்.

"அண்ணனுக்குக் கால் போனது எப்படின்னு தெரியுமா? கட்டவிரலுக்குக் கீழ சின்னக் கொப்புளம். செருப்பு கடிச்சது. நான் திட்டுவேன்னு அவரே மருந்துக் கடையில பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கிட்டாரு. நான் பாத்தேன் அத. நல்லா ஒட்டியிருந்துச்சு. ஓரமெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு ரெண்டு ஷிஃப்ட். அறுபது பேரு காலைப் பிரிச்சுக் கட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்துட்டேன். அடுத்த நாள் கேட்டா, ஆறிடுச்சுன்னாரு. சரின்னுட்டேன். ஒன்பது நாள்."

பட்டி பெயர்ந்து உள்ளங்கை அகல ஓட்டை தெரிந்தது. அதன் விளிம்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அவர் விளிம்பைக் கத்தரித்துக்கொண்டே போனார். இரும்பு பளிச்சென்று தெரியும் இடம் வரைக்கும் வெட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

"ஊருக்கெல்லாம் பிரிச்சுப் பாத்தவ வீட்டுல பாக்கல," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அவருடைய இந்தக் குணம் எல்லா நேரமும் பிடிக்கும்படியாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சீட்டுக்கு உறை தைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். ரவிக்கையும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்த எனக்கு ரெக்ஸின் புதிது. மெஷின் ஊசி இரண்டு மூன்று உடைந்தது. பின் சீட்டு மூலையில் ஒரு தையல் கோணிப்போயிற்று. அதன் மேல் கயிறு வைத்து மடித்துத் தைத்து மறைத்துவிட்டேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. சிஸ்டர் அதைக் கையில் வாங்கி, "நல்லா வந்திருக்கு," என்றார். பிறகு நேராக அந்த மூலைக்குப் போய்க் கயிற்றை நகத்தால் தூக்கினார்.

"இது என்ன?"

"அது தெரியாது சிஸ்டர், மடிப்புக்குள்ள போயிடும்."

"பிரிச்சுடு."

"முழுசாவா?"

"மூலைய மட்டும் பிரிச்சா மறுபடி கோணும். முழுசாப் பிரி."

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கொல்லைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே சுவருக்கு வந்து, ஒரு கிண்ணத்தில் வெண்டைக்காய்ப் பச்சடியை வைத்துவிட்டு, "கோவம் போச்சா?" என்றார். "போவல," என்றேன். "பரவால்ல. போனதும் தை," என்றார். தைத்தேன். இன்றைக்கு நான் கும்பகோணத்தில் ஆறு மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மடிப்புக்குள் போகும் தையலைத்தான் முதலில் பார்க்கிறேன். என் கடைப் பெண்களுக்கு என் மேல் என்ன கோபம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

காரைச் சரிசெய்வது பாதி வேலைதான். ஒற்றைக் காலோடு அண்ணன் அதை ஓட்ட வேண்டும் என்பது மீதி. வலது கால் ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் போதும். கிளட்சுக்கு இடது கால் வேண்டும். கட்டைக்காலால் மிதித்தால் எவ்வளவு மிதித்தோம் என்று தெரியாது. சிஸ்டர் லேத் பட்டறையில் சொல்லி, கிளட்ச் பெடலிலிருந்து ஸ்டீயரிங்கின் இடது பக்கத்துக்கு ஒரு நீளமான கைப்பிடி செய்துகொண்டு வந்தார். பொருத்த ஒரு மாதம் ஆயிற்று. பொருத்தி முடித்து அண்ணனை வற்புறுத்தி உட்காரவைத்தார்.

அண்ணன் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். "சரி. இடது கையால கிளட்ச்ச பிடிச்சாச்சு. கியர எதால போடுறது, பல்லாலயா?"

அம்பாசிடரில் கியர்க் கம்பியும் ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம்தான். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வெல்டர் சிரித்துவிட்டார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது, ரொம்ப நாளைக்கு அப்புறம். சிஸ்டர் மட்டும் ஸ்பானரைத் தேடினார். "பிரிச்சுடுவோம்."

கைப்பிடியை வலது பக்கம் கதவோரமாக மாற்றினார். கியர் போடுகிற நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கை இல்லை. அதையும் பிரித்தார். பிறகு ஒரு மாதம் வேலை நின்றது. அட்டையில் "நாளை பார்க்க வேண்டியது" என்பதற்குக் கீழே வெறுமையாக இருந்தது.

ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் தன் பழைய கியர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் சுவரைத் தாண்டி அவர் கையையே பார்த்தார். "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. கிளட்ச்ச பிடிச்சுக் கியர மாத்திக் காட்டுங்க," என்றார். ஸ்கூட்டரில் கிளட்ச்சும் கியரும் ஒரே கைக்குள்தான் இருக்கின்றன. விரல்கள் கிளட்ச்சை அழுத்த, அதே மணிக்கட்டுக் கியரைத் திருப்புகிறது. சிஸ்டர் ஈரத்துணியைச் சுவர்மேல் போட்டுவிட்டு அன்றைக்கே லேத் பட்டறைக்குப் போனார்.

கியர்க் கம்பியிலேயே ஒரு கிளட்ச் பிடி வந்தது. முதலில் கனமாக இருந்தது. லேத்துக்காரர் இரண்டு சின்னச் சக்கரங்கள் வைத்துக் கம்பியைச் சுற்றிவிட்ட பிறகு இலகுவாயிற்று. அண்ணன் பிடித்துப் பார்த்தார், விட்டார், பிடித்தார். வண்டியை விட்டு இறங்கவேயில்லை. சாயங்காலம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெயின்ட் அடிக்கும் நேரம் வந்தது. "வெள்ளையே அடிச்சிடலாமா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"வெள்ள வாடகை வண்டிக்கு," என்றார் அண்ணன். "இது வீட்டு வண்டி. வாழைக்குருத்து கலர் அடி."

அந்த நிறத்தைக் கலந்து எடுக்கவே பெயின்ட்காரருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, மாற்றத்தைப் பதிவு செய்து, அண்ணனுக்கும் புது லைசென்ஸ் வாங்கினார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். மயிலாடுதுறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். அவள் உண்டாகியிருந்தாள். ஊர்ப் பெண்களையெல்லாம் தாய்வீட்டுக்கு அழைத்துவந்தவர் அண்ணன். வளைகாப்பு முடித்துத் தன் மகளைத் தானே ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது அவர் ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விடியலிலேயே வீடு நிறைந்திருந்தது. அண்ணனின் அக்கா பூதலூரிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். கலந்த சாதம் ஐந்து வகை, வளையல் பெட்டி, தட்டுகள். காருக்கு மாலை போட்டுச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணன் காவேரிப் படித்துறை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"இறங்குங்க, நான் ஒரு தடவ உக்காந்து பாக்குறேன்," என்றார் சிஸ்டர்.

பட்டுப்புடவையோடு ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை, முன்னால் நகர்ந்துகொண்டார். பிரேக்கை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கை வாட்சைப் பார்த்தார். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாரே, அதே மாதிரி. முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"இறங்குது," என்றார்.

"எது?"

"பெடல். அழுத்திப் பிடிச்சா மெல்ல உள்ள போவுது."

"அம்பாசிடர் பெடலப் பத்தி எனக்கே சொல்றியா?" அண்ணன் சிரித்தபடிதான் சொன்னார். "ரெண்டாவது மிதிக்கு கல்லு மாதிரி நிக்குது. நான் இப்பதான் ஓட்டிட்டு வரேன்."

"ரெண்டாவது மிதி வரைக்கும் முன்னாடி போறவன் காத்துக்கிட்டு இருப்பானா?"

"கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது," என்றார் அண்ணனின் அக்கா.

சிஸ்டர் இறங்கினார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னைக்கு இந்த வண்டி போவாது. வேன் சொல்றேன். எல்லாரும் அதுல ஏறுங்க. நீங்களும் வாங்க."

அண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போய்விட்டது. "நீங்க போங்க. நான் வரல," என்றார்.

"புள்ள உங்களத் தேடும்."

"தேடட்டும்."

எவ்வளவோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மாலை போட்ட காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சிஸ்டர் ஜன்னலருகே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வேனில் வந்து ஏறினார். நானும் அந்த வேனில் போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தது. எண்பது கிலோமீட்டர். மெல்ல ஓட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மயிலாடுதுறையில் மகள் வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா எங்கம்மா?"

நானாக இருந்தால் உடம்பு முடியவில்லை என்று சொல்லியிருப்பேன். சிஸ்டர் சொன்னார்: "வரல. பிரேக்குல எனக்குச் சந்தேகம். வண்டிய நிறுத்திட்டேன். கோவமா இருக்காரு."

அவள் அழுதாள். அழுத கண்ணோடுதான் மணையில் உட்கார்ந்தாள். சிஸ்டர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கன்னத்தில் சந்தனம் பூசினார். சாயங்காலம் வேனிலேயே மகளை அழைத்துக்கொண்டு திரும்பினோம்.

மறுநாளே பிரிக்க ஆரம்பித்தார். நான்கு சக்கரத்தையும் கழற்றினார். எங்கும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டவுன் மெக்கானிக் வந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர். கொஞ்சம் காத்து இருந்திருக்கும். எடுத்தா சரியாயிடும்," என்றார். அண்ணனின் அக்கா இதைக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்லாததுக்குத்தான் பெத்தவன் முகத்தைப் பாக்காம புள்ள மணையில உக்காந்துச்சு," என்றார். அண்ணன் வீட்டுக்குள் இருந்தார். மூன்று நாளாக சிஸ்டரோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டை மகள்தான் கொண்டுபோய் வைத்தாள்.

சிஸ்டர் மெக்கானிக்கைக் கேட்டார். "பெடலுக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய சிலிண்டரப் பிரிக்கலயே?"

"அது புதுசு. நீங்களே போட்டது."

"அதான். நானே போட்டது."

அதற்குள் இருந்த ரப்பர் கப்பை எடுத்து, முள் எடுக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியில் வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல். பொருத்தும்போது ஸ்க்ரூடிரைவர் முனை பட்டிருக்கிறது. அழுத்தி மிதித்தால் எண்ணெய் அந்த வழியாகப் பின்னுக்கு வந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மெக்கானிக் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது ஒருநாள் மொத்தமாக் கிழிஞ்சிருக்கும் சிஸ்டர்," என்றார் மெல்ல.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில், பார்த்தீர்களா நான் சொன்னேனே என்றிருப்பார்கள். அவருக்கு அந்த உரிமை இருந்தது. சிஸ்டர் ரப்பரை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அண்ணன், அவர் அக்கா, மகள் மூவரும் இருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

"பாருங்க," என்று தட்டை அண்ணன் முன்னால் வைத்தார். "இது நான் பண்ண தப்பு. மாட்டும்போது கிழிச்சிருக்கேன். அன்னைக்கே ஒழுங்கா மாட்டியிருந்தேன்னா நீங்க புள்ள வளைகாப்பப் பாத்திருப்பீங்க. உங்க ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. குறை என்னோடது."

அண்ணன் அந்த ரப்பரை எடுத்து விரலால் மடக்கிப் பார்த்தார். கிழிசல் வாய் திறந்தது. அவர் அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"புதுசு வாங்கிட்டியா?" என்றார் அண்ணன்.

"வாங்கிட்டேன்."

"எங்க?"

கட்டைக்காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். கொட்டகைக்கு நடந்தார். தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். "கம்பி எதுவும் படக் கூடாது. பிரேக் ஆயில்ல நனைச்சு விரலாலயே தள்ளணும். பாத்துக்க," என்றார். சிஸ்டர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒன்றரை வருஷத்தில் அண்ணன் அந்தக் காரில் கைவைத்து வேலை செய்தது அன்றுதான். அதன் பிறகு சிலிண்டரைப் பொருத்தி, காற்றெடுத்து முடிக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. மகள் டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

மகளுக்குத் தஞ்சாவூரில், சிஸ்டர் வேலைபார்த்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. சிஸ்டர் மூன்று நாளும் மகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார், கண் மூடவில்லை என்று மற்ற நர்ஸுகள் சொன்னார்கள். வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று சொன்ன அன்றைக்கு அண்ணன் வாழைக்குருத்து நிறக் காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். மகளும் குழந்தையும் பின் சீட்டில் ஏறினார்கள், நான் தைத்த சீட்டில். பக்கத்தில் அண்ணனின் அக்கா.

முன் சீட்டு காலியாக இருந்தது. சிஸ்டர் ஏறவில்லை. டியூட்டிக்குப் போய்வர அந்த வருஷம்தான் ஒரு ஸ்கூட்டி வாங்கியிருந்தார். "நான் ஸ்கூட்டியில வரேன்," என்றார்.

"எதுக்கு?" என்றார் அண்ணன்.

"உள்ள உக்காந்தா அடியில பாக்க முடியாது."

மகளுக்குப் பால் கொண்டுவந்திருந்த நான் ஃபிளாஸ்கோடு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற வயல். சிஸ்டர் காருக்குப் பத்தடி பின்னால், சக்கரங்களையும் தரையையும் பார்த்தபடி ஓட்டினார். அண்ணன் மிதிக்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரியும், கார் தயங்காமல் நிற்கும். "நின்னுது," என்பார் சிஸ்டர் தனக்குத்தானே. வடவாறு போயிற்று. வெண்ணாறு, வெட்டாறு. குடமுருட்டிப் பாலத்துக்கு முன்னால் எதிரே நெல் அறுக்கும் மெஷின் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. கார் பூப்போல ஓரம்கட்டி நின்றது. மெஷின் போன பிறகும் கார் நகரவில்லை. ஜன்னலிலிருந்து அண்ணனின் கை வெளியே வந்து எங்களைக் கூப்பிட்டது.

ஸ்கூட்டியை ஒட்டி நிறுத்தினோம்.

"பன்னண்டு கிலோமீட்டரா என்ன பாத்த?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. நல்லா நிக்குது."

"அப்ப வந்து உக்காரு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஃபிளாஸ்கைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் முன் கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கி, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. நான் மெதுவாக ஓட்டுகிறவள், பின்தங்கிவிட்டேன். காவேரிப் பாலத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது கார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். ஆனால் யாரும் இறங்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். சிஸ்டர் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஃபிளாஸ்க் மடியில் சரிந்து கிடந்தது.

ஆரத்தித் தட்டோடு இருந்த பெண் கதவைத் தட்டக் கையெடுத்தாள். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். இஞ்சின் சத்தம் நின்றால் அவர் விழித்துவிடுவார் என்று, சாவியைத் தொடாமல், ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.